பிரீ தனி, பவர் தனி: சில ஆண்டுகளாகக் கேட்ட பிறகு

கானாடுகாத்தானில் வீட்டைப் புதுப்பித்துவரும் அம்மான் மகன், "அண்ணே, எனக்கு இன்டகிரேட்டட் ஆம்ப்ளிஃபயர் போதுமா, உங்களைப் போல பிரீ ஆம்ப், பவர் ஆம்ப் என்று தனித்தனியாக வாங்கட்டுமா?" என்று கேட்டான். பிரீ ஆம்ப் மெல்லிய சிக்னலை வாங்கி ஒலியளவைச் சரிசெய்யும்; பவர் ஆம்ப் அதைப் பெருக்கி ஸ்பீக்கரை இயக்கும்; இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தால் அதுதான் இன்டகிரேட்டட். என் பவர் ஆம்ப் மதுரையில் பழுது பார்த்துத் திரும்பியிருக்கும் நேரம் இது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நல்லதை மறைக்கக் கூடாது. உயரமான கூரையும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் கொண்ட எங்கள் இரண்டாம் கட்டில் நாகஸ்வரக் கச்சேரி போட்டால், தவிலின் தொப்பியில் கோல் விழும் ஒவ்வொரு அடியும் நெஞ்சில் விழுகிறது. பழைய ஒற்றைப் பெட்டியில் அந்த அடி கொழகொழத்துப் போகும். இது வாட் கணக்கால் வருவதில்லை. 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரு மடங்காகக் கேட்க ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். பெரிய டிரான்ஸ்ஃபார்மரும் தாராளமான மின்வழங்கியும் செய்கிற வேலை இது.

ஆனால் அந்த இரைச்சல்! பிரீ ஆம்புக்கு ஒரு எர்த், பவர் ஆம்புக்கு ஒரு எர்த், நடுவில் இரண்டையும் இணைக்கும் ஆர்.சி.ஏ. என்ற சாதாரண ஆடியோ கேபிளின் உலோக உறை. மூன்றும் சேர்ந்து ஒரு வளையமாகி, மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸையும் அதன் மடங்குகளையும் ஸ்பீக்கருக்குக் கொண்டுவருகின்றன. 5 கட்டை சுருதியில் பாடும் பெண் குரலுக்குத் தம்பூராவின் மந்தர ஷட்ஜம், அதாவது கீழ் ஸ்தாயி 'ஸ', சுமார் 98 ஹெர்ட்ஸ். என் இரைச்சலோ 100. இரண்டும் உரசி, நொடிக்கு இரண்டு முறை அலையடிக்கிறது. ஆலாபனையில் பாடகி மூச்சு வாங்கும் இடத்தில், தம்பூரா மட்டும் ஒலிக்க வேண்டிய இடத்தில், என் காது அந்த அலையைத்தான் தேடிப் போகிறது. மெல்லிய சிக்னலைப் பெரிய டிரான்ஸ்ஃபார்மரிடமிருந்து விலக்கி வைக்கத்தானே பெட்டியைப் பிரிக்கிறார்கள்? பிரித்ததே புது இரைச்சலுக்கு வழி செய்கிறது என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது!

இரண்டு பிளக்கையும் ஒரே பலகையில் செருகியதும் பாதி குறைந்தது. மீதி போகவில்லை. எர்த் பின்னை வெட்டிவிடச் சொன்னார் ஒரு எலெக்ட்ரீஷியன். குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் உலோகப் பெட்டிக்கு எர்த் இல்லாமல் வைப்பதா? அந்தப் பேச்சே வேண்டாம் தம்பி. எக்ஸ்.எல்.ஆர். என்ற மூன்று முனை இணைப்பு (இரண்டு கம்பியிலும் சமமாக ஏறும் இரைச்சலைக் கழித்துவிடும் வகை) இரண்டு பெட்டியிலும் இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். என்னுடையவற்றில் அது இல்லை.

பவர் ஆம்ப் மதுரையில் கிடந்தபோது அண்ணன் வீட்டு இன்டகிரேட்டடை இரவல் வாங்கி வைத்தேன். தவில் சற்றுச் சாதுவாகிவிட்டது. ஆனால் தம்பூரா! சுருதிப் பெட்டியை அணைத்துவிட்டு அசல் தம்பூராவைப் பக்கத்தில் வைத்தது போலச் சுத்தமாக இருந்தது.

ஆகவே தம்பி, நீ இன்டகிரேட்டட் வாங்கு. மிச்சமாகும் பணத்தில் அந்த வழவழப்பான தரைக்குத் தடித்த ஜமக்காளமும் சுவருக்குக் கனமான திரைச்சீலையும் வாங்கிப் போடு. எதிரொலி அடங்கினால் பாதி வேலை முடிந்தது. தனித்தனியாகத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், இரண்டிலும் எக்ஸ்.எல்.ஆர். இருக்கிறதா என்று பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் பணம் கொடுக்காதே.

என்னுடையதை விற்றால் நீயே எடுத்துக்கொள்வதாகச் சொன்னாய். விற்க மாட்டேன். மாசி மகத்தன்று அதில், சாமி புறப்பாட்டுக்கு நாகஸ்வரத்தில் வாசிப்பார்களே, அந்த மல்லாரி ஒன்றைப் போட்டேன், வந்து கேள்.