விதி மாறிய வேளையில் ஒரு குடிவரவு ஆலோசகரின் சேவை

திறன்மிகு தொழிலாளர்களை மதிப்பெண் அடிப்படையில் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறை வழியாகக் கனடாவில் நிரந்தர வதிவுரிமை பெறுவதற்காக, உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர் ஒருவரின் சேவையை நானும் என் கணவரும் 2024 அக்டோபர் முதல் ஓராண்டு பயன்படுத்தினோம். ஆவணங்களைச் சரிபார்ப்பதில் அவருக்கு நிகரானவரை நான் கண்டதில்லை. ஆனால் விதிகள் மாறுவதை முன்கூட்டியே அறிந்து சொல்லும் கடமையில் அவர் தவறிவிட்டார்.

என் கணவரின் நிறுவனம் கொடுத்த பணி அனுபவக் கடிதத்தில் பதவி, பொறுப்புகள், ஊதியம் ஆகிய எல்லாம் இருந்தும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை என்ற ஒரு வரி விடுபட்டிருந்தது. அந்த ஒரு வரி இல்லாததாலேயே விண்ணப்பம் மறுக்கப்படலாம் என்று விளக்கி, அன்றே கடிதத்தைத் திருத்தி வாங்கி வரச் சொன்னார். அந்தக் கவனத்தை மனமாரப் பாராட்டுகிறேன்.

அப்போது எங்கள் சிஆர்எஸ் மதிப்பெண், அதாவது விண்ணப்பதாரர்களை வரிசைப்படுத்தும் தரவரிசை மதிப்பெண், 514. அதில் 50, எல்எம்ஐஏ (வெளிநாட்டவரைப் பணியமர்த்த நிறுவனம் பெறும் அரசு ஒப்புதல்) உள்ள வேலைவாய்ப்புக்காகக் கிடைத்தது. எல்எம்ஐஏ விலைக்கு விற்கப்படும் மோசடியைத் தடுக்க, வேலைவாய்ப்புக்கான மதிப்பெண்கள் நீக்கப்படும் என்று அன்றைய குடிவரவு அமைச்சர் மார்க் மில்லர் 2024 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டார். அந்த முடிவு நியாயமானது என்றே நான் கருதுகிறேன். 2025 மார்ச் 25 அன்று அது நடைமுறைக்கு வந்தபோது, அதற்குள் நிரந்தர வதிவுரிமைக்கு விண்ணப்பிக்க அழைப்பு பெற்றிருந்தவர்களுக்குப் பாதிப்பில்லை. காத்திருந்த எங்கள் மதிப்பெண்ணோ 464 ஆக இறங்கியது.

அதற்கு முன், பிப்ரவரி 5 அன்று, கனடாவில் வேலை செய்த அனுபவம் உள்ளவர்களுக்கான கனடிய அனுபவப் பிரிவின் அழைப்புச் சுற்றில் குறைந்தபட்ச மதிப்பெண் வரம்பு 521. எங்களுக்குக் குறைந்தவை ஏழே மதிப்பெண்கள். டிசம்பரில் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தால், என் கணவர் உடனே ஆங்கிலத் தேர்வை மீண்டும் எழுதி அந்த ஏழைப் பெற முயன்றிருப்பார் என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் ஆறவில்லை. மதிப்பெண் குறைந்த செய்தியைக்கூட எங்கள் கணக்கைத் திறந்து பார்த்து நாங்களேதான் தெரிந்துகொண்டோம். கேட்டபோது, ஒப்பந்தத்தில் விண்ணப்பம் தயாரிக்கும் பணி மட்டுமே குறிப்பிடப்பட்டிருப்பதாக அவர் பதிலளித்தார். படித்துப் பார்த்தேன், அவர் சொன்னது உண்மைதான்.

ஆகவே ஆலோசகரை அமர்த்துவோர், அவருடைய உரிமத்தை, ஆலோசகர்களுக்கு உரிமம் வழங்கும் அமைப்பான குடிவரவு மற்றும் குடியுரிமை ஆலோசகர்கள் கல்லூரியின் பதிவேட்டில் சரிபார்ப்பதோடு, கொள்கை மாற்றங்களை எத்தனை நாளுக்குள் எழுத்தில் தெரிவிப்பார் என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். படிவங்களைப் பொறுமையுள்ள எவரும் தாமே நிரப்பிவிடலாம். கட்டணம் கொடுப்பது விதி மாற்றங்களை அறிந்து சொல்வதற்காகத்தான்.

2025 மார்ச் 21 அன்று, பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கான பிரெஞ்சு மொழிப் பிரிவில் வரம்பு 379 ஆக இருந்ததைப் பார்த்து, என் கணவர் இப்போது மாலை வகுப்பில் பிரெஞ்சு கற்கிறார். நாங்கள் முறையிட்டபின் இரண்டாம் தவணைக் கட்டணத்தில் பாதியை ஆலோசகர் மறுப்பின்றித் திருப்பித் தந்தார் என்பதையும் பதிவு செய்கிறேன்.