குமரி வானத்துக்கு ஸ்மார்ட் டெலஸ்கோப்பா, ஸ்டார் டிராக்கரா?

பைக்கின் பின்னிருக்கையில் கட்டிக்கொண்டு போகக்கூடிய அளவிலான கருவிகளைக் கொண்டு நெபுலாக்கள் என்னும் விண்வெளி வாயு முகில்களையும் விண்மீன் கொத்துகளையும் படம்பிடிக்கத் தொடங்க நினைப்பவர் முன் இன்று முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன. தொலைநோக்கி, கேமரா, மோட்டார், கணினி எல்லாம் ஒரே கூட்டுக்குள் அடங்கிய ஸ்மார்ட் டெலஸ்கோப் ஒன்று. கையில் இருக்கும் டிஎஸ்எல்ஆர் கேமராவைப் பூமியின் சுழற்சிக்கு ஈடாகத் திருப்பிக்கொண்டே இருக்கும் ஸ்டார் டிராக்கர் மற்றொன்று. டிராக்கர் இல்லாமல் வெறும் முக்காலியிலும் எடுக்கலாம்; ஆனால் சிறிய சென்சார் கொண்ட (கிராப் சென்சார்) கேமராவில் 50 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால் ஏறத்தாழ 6 நொடியிலேயே விண்மீன்கள் கோடாக இழுபடத் தொடங்கிவிடும் என்பதால், அதை ஒரு பயிற்சியாக மட்டுமே கொள்ளலாம்.

இணையத்தில் கிடைக்கும் ஒப்பீடுகளில் பெரும்பாலானவை 35 முதல் 50 பாகை வரையிலான வட அட்சரேகைகளில் வசிப்பவர்கள் எழுதியவை. அவர்களுக்கு எளிதாக இருப்பது நமக்குக் கடினமாகவும், அவர்கள் குறையாகச் சொல்வது நமக்குப் பொருட்டே இல்லாமலும் போகிறது. ஒரு இடத்தில் துருவ விண்மீன் தொடுவானிலிருந்து எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, அதுவே ஏறத்தாழ அந்த இடத்தின் அட்சரேகை. கன்னியாகுமரியிலும் நாகர்கோவிலிலும் அது வெறும் 8 பாகைதான். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அந்த ஒரு முட்டியின் அகலத்துக்குள் அடங்கிவிடும் உயரம் இது.

டிராக்கரின் சுழல் அச்சு வானத்தின் துருவத்தை நோக்க வேண்டும் என்பதும், அதற்குத் துருவ விண்மீனைச் சிறு குழாய் வழியாகப் பார்த்து அமைப்பதே வழக்கம் என்பதும் தெரிந்ததே. 8 பாகை உயரத்தில் அந்த ஒளி, தலைக்கு நேர் மேலே இருப்பதைப்போல ஏறத்தாழ 7 மடங்கு தடிமனான காற்றைக் கடந்து வருகிறது. இரண்டாம் தர ஒளியுள்ள (தர எண் கூடக் கூட மங்கல்) அந்த விண்மீன், கடலோர ஈரப்பதத்தில் நான்காம் தரமாகவோ அதற்கும் மங்கலாகவோ தெரியும். அதுவும் தெரிந்தால்தான். 5 கிலோமீட்டர் தொலைவில் 1000 மீட்டர் உயர மலை ஒன்று நின்றால் அது 11 பாகை வரை வானத்தை மறைத்துவிடும் என்பதால், பூதப்பாண்டி, ஆரல்வாய்மொழி போன்ற மலையடிவாரங்களில் பல இடங்களில் துருவ விண்மீன் மலைக்குப் பின்னால்தான் இருக்கும். விளவங்கோடு பக்கமென்றால் மலை தேவையில்லை, தென்னையும் ரப்பருமே போதும். மணக்குடி, சொத்தவிளை போன்ற கடற்கரைகளில் வடக்குத் தொடுவானம் ஓரளவு திறந்திருந்தாலும், ஊரின் விளக்கொளி எல்லாம் அந்தத் திசையில்தான் இருக்கிறது.

அப்படியானால் டிராக்கரை ஒதுக்கிவிட வேண்டுமா என்றால், இல்லை. திசைகாட்டியையும் நீர்மட்டக் கருவியையும் கொண்டு அச்சை 8 பாகை உயர்த்தி வடக்கு நோக்கி வைத்தால் பிழை ஒரு பாகைக்குள் அடங்கும் என்று கொள்வோம். ஒரு பாகைப் பிழை விண்மீனை நொடிக்கு அதிகபட்சம் 0.26 விகலை (ஒரு பாகையில் 3600 விகலைகள்) நகர்த்தும். 50 மி.மீ. லென்ஸில், 3.7 மைக்ரான் பிக்சல் கொண்ட கேமராவில், ஒரு நிமிட எக்ஸ்போஷருக்கு இது ஒரே ஒரு பிக்சல், கண்ணுக்குத் தெரியாது. 135 மி.மீ. லென்ஸில் அதுவே கிட்டத்தட்ட 3 பிக்சல், எனவே அரை நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 200 மி.மீ.க்கு மேல் போக விரும்புகிறவர், துருவமே தெரியாமல் வானத்தின் மூன்று புள்ளிகளைப் படமெடுத்து அச்சைத் திருத்தும் மென்பொருள்களுக்கும், அவற்றை இயக்க மடிக்கணினிக்கும் தயாராக வேண்டும். அதற்குள் கையில் இருந்த எளிய கருவி எங்கோ போய்விடுகிறது. முக்காலியின் இரும்புக் கால்களுக்குப் பக்கத்தில் கைபேசித் திசைகாட்டியைப் பிடித்தால் அது பொய் சொல்லும். இரண்டடி தள்ளி நின்று பார்க்க வேண்டும்.

இதே டிராக்கர் பற்றி எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. சென்ற மார்ச்சில் சொத்தவிளையில் ஈர மணலில் முக்காலியை ஊன்றி, வியாழனை வைத்து ஃபோகஸ் செய்து, 80 படங்களுக்குக் கட்டளை கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வலை பார்க்க வந்த பெரியவர் ஒருவர், “மக்கா, இது என்னத்துக்கு?” என்று கேட்டு, பதில் சொல்லி முடிப்பதற்குள் கால் ஒன்று புதைவதைச் சுட்டிக்காட்டினார். முப்பதாவது படத்துக்குப் பிறகு எல்லாமே இழுபட்டவை. அதன்பின் மூன்று சிரட்டைகளை மல்லாக்க வைத்து, அவற்றின் குழிக்குள் கால்களை நிறுத்துகிறேன், இதுவரை புதையவில்லை.

ஸ்மார்ட் டெலஸ்கோப்புக்கு இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை. இசட்டபிள்யூஓ நிறுவனத்தின் சீஸ்டார் எஸ்50, 50 மி.மீ. விட்டமும் 250 மி.மீ. குவியத் தூரமும் கொண்டது. முக்காலியோடு சேர்த்து ஏறத்தாழ 3 கிலோ. டுவார்ஃப் 3 இன்னும் சிறியது: 35 மி.மீ. விட்டம், 150 மி.மீ. குவியத் தூரம், 1.3 கிலோ. கிடைமட்டமாக வைத்துக் கைபேசியில் இலக்கைத் தொட்டால், கருவி வானத்தைப் படமெடுத்து, விண்மீன்களின் அமைப்பைக் கொண்டு தான் எங்கே பார்க்கிறது என்பதைத் தானே கண்டுபிடித்து, 10 நொடிப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கிவிடும். எஸ்50-ஐ வாங்கியவுடன் முதல்முறை இணைய இணைப்போடுதான் இயங்க வைக்க முடியும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். பேச்சிப்பாறை அணைப்பக்கம் போய்ப் பெட்டியைப் பிரித்தால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

இவை மேல்-கீழ், இடம்-வலம் என்று மட்டுமே அசைவதால், படத்தின் நடுப்புள்ளி நிலைத்தாலும் சுற்றியுள்ள வானம் சட்டத்துக்குள் மெல்லச் சுழலும். இதைத்தான் வட அட்சரேகைக்காரர்களின் ஒப்பீடுகள் பெருங்குறையாகச் சொல்கின்றன. நம் அட்சரேகையில் கணக்கு வேறு. ஓரியன் நெபுலா இங்கே கிழக்கில் உதித்து ஏறத்தாழ நேர்க்குத்தாக மேலேறுகிறது. உச்சிக்கு 3 மணி நேரம் முன்பு அதன் சுழற்சி வேகம் மணிக்கு 5 பாகை, 2 மணி நேரம் முன்பு 11 பாகை. ஆனால் 77 பாகை உயரத்தில் உச்சியைக் கடக்கும்போது அது மணிக்கு 64 பாகையாக எகிறிவிடும். அப்போது எஸ்50-இன் 10 நொடிப் படத்திலேயே மூலையில் உள்ள விண்மீன் 3 பிக்சலுக்கு மேல் நகரும், 30 நொடி என்றால் 10 பிக்சல். ‘உயரே போனால்தான் தெளிவு’ என்ற அறிவுரை இங்கே பாதிதான் பொருந்தும்: கிழக்கில் 30 முதல் 60 பாகை உயரத்துக்குள் எடுத்து முடித்துவிட்டு, உச்சிப் பொழுதில் வேறு இலக்குக்கு மாறிக்கொள்வதே சரி.

இந்தச் சுழற்சியைத் தவிர்க்கக் கருவியைச் சாய்த்து, அதன் செங்குத்து அச்சைத் துருவத்தை நோக்கி வைக்கும் ஏற்பாட்டையும் இந்நிறுவனங்கள் தந்திருக்கின்றன. 45 பாகையில் வசிப்பவர் பாதி சாய்த்தால் போதும். 8 பாகையில் நாம் கிட்டத்தட்டப் படுக்கவே வைக்க வேண்டும். பாரம் ஒரு பக்கமாகத் தொங்கி, சிறிய முக்காலி கவிழக் காத்திருக்கும். புதியவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எதைப் படமெடுக்கப் போகிறோம் என்பதில்தான் டிராக்கர் தன் இடத்தைத் திரும்பப் பிடிக்கிறது. குமரிக்குத் தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குக் கடல்தான். மீன்பிடிப் படகுகளின் விளக்குகளைத் தவிர ஒளி மாசு இல்லை. ஒமேகா செண்டாரி என்னும் விண்மீன் கொத்து இங்கே 34 பாகை வரை உயர்கிறது. கரீனா நெபுலாவும் தென்சிலுவையும் 22 பாகை வரை. பெரிய மெகல்லன் மேகம் என்னும் துணை அண்டம்கூட 12, 13 பாகைக்கு வருகிறது. எஸ்50-இன் சட்டம் 1.3-க்கு 0.7 பாகை மட்டுமே. ஒமேகா செண்டாரி அதில் அழகாக அடங்கும்; இரண்டு பாகை அகலக் கரீனா நெபுலா அடங்காது; மூன்று பாகை நீள ஆண்ட்ரோமீடா அண்டத்தைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்ட வேண்டும். 135 மி.மீ. லென்ஸோ 9-க்கு 6 பாகைக்கும் மேல் காட்டும்: கரீனா நெபுலாவும் அருகிலுள்ள தெற்குக் கார்த்திகைக் கொத்தும் ஒரே படத்தில் வந்துவிடும். மெகல்லன் மேகத்துக்கு 50 மி.மீ. லென்ஸே பொருத்தம்.

நிறத்தில் நிலைமை மாறுகிறது. சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராவின் உள்வடிகட்டி, நெபுலாக்களின் 656 நானோமீட்டர் சிவப்பொளியில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். ஸ்மார்ட் டெலஸ்கோப்பின் சென்சாருக்கு அந்தத் தடை இல்லை, ஊர் வெளிச்சத்தைக் குறைக்கும் வடிகட்டியும் எஸ்50-க்கு உள்ளேயே இருக்கிறது. பனித்துளி படியாமல் காக்கும் சூடேற்றியும் அதில் உண்டு, டிராக்கர்காரர் அதைத் தனியாக வாங்க வேண்டும். வெப்பத்தில் இரண்டுமே தோற்கின்றன: சென்சார் ஏறத்தாழ 6 செல்சியஸ் கூடுதலாகச் சூடாகும் ஒவ்வொரு முறையும் இருட்டு மின்னோட்டம் (ஒளி படாமலே சென்சாரில் எழுவது) இரட்டிப்பதால், நம் ஊர் இரவுகளில் லென்ஸை மூடி எடுக்கும் இருட்டுப் படங்களைக் கழிக்காமல் தப்ப முடியாது. எஸ்50 இதைத் தானே செய்துகொள்கிறது. தனிப்படங்களைச் சேமித்து, சிரில் போன்ற இலவச மென்பொருளில் நாமே அடுக்கிப் பார்க்க இரண்டிலும் வழி உண்டு.

செலவைப் பொறுத்தவரை, கேமராவும் நல்ல லென்ஸும் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் டிராக்கரே மலிவு. எதுவும் இல்லையென்றால் கேமரா, லென்ஸ், டிராக்கர், உறுதியான முக்காலி என்று கூட்டிப் பார்க்கும்போது தொகை ஸ்மார்ட் டெலஸ்கோப்பைத் தாண்டிவிடும். எதுவும் இல்லாதவர் யோசிக்காமல் ஸ்மார்ட் டெலஸ்கோப்பையே வாங்கலாம். கேமரா உள்ளவருக்கு என் பரிந்துரை டிராக்கரோடு 50 அல்லது 135 மி.மீ. லென்ஸ், அதற்கு மேல் வேண்டாம்.

இரு பருவமழையும் பெறும் மாவட்டம் இது என்பதால், ஜனவரி முதல் ஏப்ரல் நடுவரைதான் நம்பத்தக்க வானம். ஏப்ரல் நடுவில் நிலவில்லாத ஓர் இரவு அமைந்தால், ஒன்பதரை மணியளவில் கரீனா நெபுலா கடலுக்கு மேல் தன் உச்சியில் நிற்கும். நள்ளிரவையொட்டி அந்த இடத்துக்கு ஒமேகா செண்டாரி வரும். முன்னதுக்கு டிராக்கர், பின்னதுக்கு எஸ்50.