ஜப்பானில் மார்மன் மிஷனரிகள் நடத்தும் இலவச ஆங்கில வகுப்பு: யாருக்கு உதவும், எங்கே சறுக்கும்

ஜப்பானிய நகரங்களின் ரயில் நிலைய வாசலில் இரண்டு இளைஞர்கள் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். வெள்ளைச் சட்டை, டை, மார்பில் வெள்ளை எழுத்துள்ள கருப்புப் பெயர்ப்பட்டை. நோட்டீஸில் ‘இலவச ஆங்கில உரையாடல் வகுப்பு’ என்று பெரிதாகவும், ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’ என்று அதற்குக் கீழேயும் ஜப்பானிய மொழியில் இருக்கும். அமெரிக்காவில் தோன்றிய இந்தக் கிறிஸ்தவ சபைக்கு ஊர் அறிந்த பெயர் மார்மன் சபை. அந்தப் பெயரைப் புழங்க வேண்டாம் என்று 2018-இல் சபைத் தலைமை சொல்லிவிட்டதால் நோட்டீஸில் அதைத் தேடினால் கிடைக்காது.

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடலாம். ஆங்கிலம் படித்தால் புரிகிறது, வாயைத் திறந்தால் வரமாட்டேன் என்கிறது என்பவர்களுக்கு இது மிக நல்ல இடம். டோயெக், எய்கென் போன்ற ஆங்கிலத் தகுதித் தேர்வுகளுக்குத் தயாராகிறவர்களுக்கும், இலக்கணத்தை அடியிலிருந்து ஒழுங்காகக் கற்க நினைப்பவர்களுக்கும் இது சரிப்படாது. கூச்சம் போக வேண்டியவர் தாராளமாகப் போகலாம், சான்றிதழ் வேண்டியவர் போக வேண்டாம்.

ஜப்பானில் உரையாடல் ஆங்கிலம் பெரிய வியாபாரம். தனி வகுப்பு என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சில ஆயிரம் யென் ஆகிவிடும். பல பள்ளிகள் மொத்தமாக முன்பணமும் கேட்கும். 2007 அக்டோபரில் நாட்டின் மிகப் பெரிய சங்கிலிப் பள்ளியான நோவா திவாலானபோது, முன்பணம் கட்டியிருந்த லட்சக்கணக்கான மாணவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். மிஷனரி வகுப்பில் அந்தப் பயம் இல்லை. கட்டணம், சேர்க்கைப் பணம் என்று எதுவும் கிடையாது. இரண்டு வாரம் போய்ப் பார்த்துப் பிடிக்காமல் நின்றுவிட்டாலும் நஷ்டமில்லை.

வகுப்பு வாரம் ஒரு முறை, சபைக் கட்டடத்தில், பெரும்பாலும் வார நாள் மாலையிலோ சனிக்கிழமையிலோ நடக்கும். ஒரு மணி நேரம் அல்லது அதற்குச் சற்றுக் குறைவு. ஆள் வருவதைப் பொறுத்து ஆரம்பநிலை, இடைநிலை, மேல்நிலை என்று பிரிப்பார்கள். முடிந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் விவிலியத்திலிருந்தோ சபையின் இன்னொரு வேதநூலான மார்மன் நூலிலிருந்தோ ஒரு சிறு பகுதியைப் பேசுவார்கள். அதற்கு இருப்பதும் கிளம்புவதும் உங்கள் விருப்பம். சில ஊர்களில் தொடக்கத்தில் ஒரு சின்ன ஜெபமும் உண்டு.

சொல்லித்தருகிறவர்கள் யார் என்று தெரிந்துகொண்டு போனால்தான் இந்த வகுப்பை ஒழுங்காகப் பயன்படுத்த முடியும். பெரும்பாலோருக்கு வயது பதினெட்டிலிருந்து இருபதுகளின் தொடக்கத்துக்குள். ஆண்கள் 24 மாதம், பெண்கள் 18 மாதம் ஊழியம் செய்ய வந்தவர்கள். ஜப்பான் அவர்கள் தேர்ந்தெடுத்த நாடு அல்ல, சபை அனுப்பிய நாடு. சம்பளம் கிடையாது. அமெரிக்கக் குடும்பங்கள் மாதம் 400 டாலர் கட்டிவந்தது 2020 ஜூலையில் 500 ஆனது. அதாவது இரண்டு வருடம் ஊழியம் செய்ய ஒரு பையனோ அவன் வீட்டாரோ 12,000 டாலர் போடுகிறார்கள். இலவசமாக உங்களுக்குக் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு இன்னொருவர் பணம் கட்டியிருக்கிறார் என்பதை மதித்து, நேரத்துக்குப் போய் உட்காருங்கள்.

இவர்களில் யாரும் பயிற்சி பெற்ற ஆங்கில ஆசிரியர் அல்ல. பயிற்சி பெற்றது ஜப்பானிய மொழியில்தான். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், புரோவோ நகரில் உள்ள சபையின் பயிற்சி மையத்தில் ஸ்பானிஷுக்கு ஆறு வாரம் என்றால் ஜப்பானியத்துக்கு ஒன்பது வாரம். 2020-க்குப் பிறகு அதில் ஒரு பகுதி வீட்டிலிருந்தே இணையம் வழியாக நடக்கிறது. ஒன்பது வாரத்தில் ஜெபம் செய்யவும், தன்னை அறிமுகம் செய்யவும், மத விஷயத்தை மெதுவாகச் சொல்லவும் வரும். ‘இந்த இடத்தில் இந்த வினைச்சொல் ஏன்’ என்று ஜப்பானியத்தில் விளக்க வராது. அதனால் புதிதாக வந்தவர் கையில் ஆரம்பநிலை வகுப்பு மாட்டினால், சொல்கிறவர், கேட்கிறவர் இரண்டு பேருமே தடுமாறுவார்கள். ஒன்றரை வருடம் இருந்தவரிடம் சிக்கல் தலைகீழ். ஜப்பானியம் சரளமாகிவிட்டதால், மாணவர் திணறியதும் உடனே அதற்குத் தாவிவிடுவார். ‘ஆங்கிலத்திலேயே சொல்லுங்கள்’ என்று நீங்கள்தான் நிறுத்த வேண்டும். இன்னொன்றும் உண்டு. மிஷனரிகளில் ஜப்பானியர்களும், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத மற்ற நாட்டவரும் இருக்கிறார்கள். அமெரிக்க உச்சரிப்புதான் வேண்டும் என்று போகிறவர், யார் எடுக்கிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

பயிற்சி இல்லாதது எங்கே தெரியும் என்பதற்கு ஓர் உதாரணம். மாணவர் ‘ஐ ஹேவ் பீன் டு கியோட்டோ லாஸ்ட் இயர்’ என்கிறார். மிஷனரி சட்டென்று ‘ஐ வென்ட்’ என்று திருத்துவார். திருத்தம் நூற்றுக்கு நூறு சரி. ஏன் என்று கேட்டால், ‘அது காதுக்குச் சரியாக இல்லை’ என்பதுதான் பதிலாக வரும். ‘லாஸ்ட் இயர்’ என்று முடிந்துபோன காலத்தைக் குறிப்பிட்டுவிட்டால் ‘ஹேவ்’ வராது என்ற விதியை அவர் பள்ளியில் படித்ததில்லை, பிறந்தது முதல் பேசிவருகிறார், அவ்வளவுதான். ஆகவே அவரிடம் காரணத்தைக் கேட்காதீர்கள், வாக்கியத்தைக் கேளுங்கள். ‘இதை உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேட்டால் பாடப்புத்தகத்தில் இல்லாத, நிஜமாகப் புழங்கும் வாக்கியம் கிடைக்கும். காரணத்தை வீட்டுக்கு வந்து இலக்கணப் புத்தகத்தில் பாருங்கள்.

இந்த வகுப்பின் பெரிய குறை ஆறு வாரக் கணக்கு. ஆறு வாரத்துக்கு ஒரு முறை மிஷனரிகளுக்கு இடமாற்றம் வரும். யார் எங்கே போகிறார் என்பது சில நாள் முன்புதான் அவர்களுக்கே தெரியும். ஒருவர் ஒரே ஊரில் அரை வருடம் இருப்பதும் உண்டு, ஆறே வாரத்தில் கிளம்புவதும் உண்டு. பல ஊர்களில் வகுப்பு நிலையான பாடத்திட்டத்தில் ஓடுவதில்லை, வருகிறவர் கையிலிருப்பதை வைத்து நடத்துகிறார். விளைவு, வருடக்கணக்காக வரும் மாணவர்கள் பலமுறை ‘உங்கள் பொழுதுபோக்கு என்ன’ என்ற அதே முதல் பாடத்தில் உட்கார நேர்கிறது.

இதற்குத் தீர்வு மாணவர் கையில்தான் இருக்கிறது. அடுத்த மாற்றத் தேதி எது என்று கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். அந்த ஆறு வாரத்தை ஒரு பாடமாகக் கட்டிக்கொள்ளுங்கள். முதல் வாரம் ஏதாவது ஒரு விஷயத்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேசி, கைப்பேசியில் பதிந்துவையுங்கள். அடுத்த நான்கு வாரமும் ஒரே களம் போதும். மருத்துவரிடம் பேசுவது, அலுவலகக் கூட்டம், பிள்ளையின் பள்ளி என்று எதுவானாலும் சரி, வாரம் ஐந்து வாக்கியம் எழுதிக்கொண்டு போய்த் திருத்தி வாங்கி, அவற்றை வைத்தே பேசுங்கள். ஆறாவது வாரம் முதல் நாள் பேசிய அதே விஷயத்தைத் திரும்பப் பேசிப் பதிந்து ஒப்பிடுங்கள். ஜோடியாக ஊழியம் செய்யும் மிஷனரிகள் இருவருமே ஒரே சமயத்தில் மாறிப்போவது அபூர்வம். எனவே உங்கள் குறிப்பேட்டை இருக்கப்போகிறவரிடம் காட்டிவிட்டால், புதிதாக வருகிறவருக்கு அவர் சொல்லிவிடுவார்.

அடுத்த குறை, பேசக் கிடைக்கும் நேரம். எட்டுப் பேர் ஒரே வட்டமாக உட்கார்ந்து, மிஷனரி பாதி நேரம் பேசினார் என்றால் ஆளுக்கு நான்கு நிமிடம்கூட வராது. பணி ஓய்வு பெற்று, பல வருடமாக வந்துகொண்டிருக்கும் பெரியவர் ஒருவர் அதிலும் பாதியை எடுத்துக்கொள்வார். மிஷனரிகள் எப்போதும் இரண்டு பேராக வருவதால், வகுப்பை இரண்டாகப் பிரிக்கச் சொல்வது எளிது. இரண்டிரண்டு மாணவராகப் பேசவிட்டு மிஷனரி சுற்றிவந்து கேட்பது இன்னும் நல்லது. இதை வாய்விட்டுக் கேட்டால் உடனே செய்வார்கள். கேட்காவிட்டால் அவர்களுக்குத் தோன்றாது.

எல்லாப் பிழையையும் திருத்தச் சொல்வதும் வேண்டாம். மூன்றாவது திருத்தத்திலேயே பேச்சு நின்றுவிடும். ‘இன்று இறந்தகாலத்தை மட்டும் பாருங்கள்’ என்று ஒன்றைச் சொல்லிவிட்டுப் பேசத் தொடங்குங்கள். அன்றைக்கு அது ஒன்று நேரானால் போதும்.

மதம் பற்றி நேராகவே பேசிவிடலாம். வகுப்பின் நோக்கத்தில் மதமும் உண்டு. அதை அவர்கள் ஒளிப்பதில்லை, நோட்டீஸிலேயே சபையின் பெயர் இருக்கிறது. நீங்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் கொடுத்தால், ஆர்வம் உள்ளவர்களைக் குறித்துவைக்கும் அவர்களுடைய கைப்பேசிச் செயலியில் அது ஏறலாம். மிஷனரி மாறிப்போனாலும் குறிப்பு இருக்கும், புதிதாக வந்தவர் நட்போடு அழைப்பார். அது வேண்டாம் என்றால் வகுப்பு ரத்துத் தகவலுக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டும் கொடுங்கள். பேச்சு மதத்துக்குத் திரும்பினால், ‘எய்கோ தாகே ஒனெகை ஷிமாஸ்’, ஆங்கிலம் மட்டும் போதும், என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். ஜப்பானிய வழக்கப்படி ‘ச்சொத்தோ…’, அதாவது ‘கொஞ்சம்…’, என்று இழுத்தால், புதிதாக வந்த இருபது வயதுப் பையனுக்கு அது மறுப்பு என்று புரியாமலே போகும்.

அவர்களுடைய கட்டுப்பாடுகள் தெரிந்தால் வீண் வருத்தம் வராது. காலை 6:30-க்கு எழுந்து, படிப்பை முடித்துக்கொண்டு, பத்து மணிவாக்கில் வெளியே கிளம்புவார்கள். பல ஊர்களில் கோட்டும் ஹெல்மெட்டுமாக சைக்கிளில்தான் நாள் முழுக்க அலைச்சல். இரவு 9 மணிவாக்கில் வீடு திரும்ப வேண்டும், 10:30-க்கு விளக்கணைப்பு. ஆகவே வகுப்பு முடிந்து நின்று அரட்டை அடிக்க நேரம் இருக்காது. ஜோடியை விட்டு ஒருவர் தனியாக எங்கும் வரமாட்டார். பெண் ஒருவர் தனியாக இருக்கும் வீட்டுக்கு ஆண் மிஷனரிகள் வர மாட்டார்கள், உள்ளூர்ச் சபையினர் ஒருவரும் உடன் வர வேண்டும். தனியாக ‘டியூஷன்’ எடுக்கச் சொல்லிப் பணம் நீட்டுவது அவர்களைச் சங்கடப்படுத்தும். வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்க, கடைக்குப் போக, முடி வெட்ட என்று ஒதுக்கப்பட்ட நாள். வீட்டாரோடு வீடியோவில் பேசுவதும் அன்றுதான். 2019 பிப்ரவரிக்கு முன்பு அந்தப் பேச்சும் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டுமே. அந்த நாளில் அனுப்பும் செய்திக்குப் பதில் தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இவர்களை முதல் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆண் என்றால் ‘எல்டர்’, பெண் என்றால் ‘சிஸ்டர்’, கூடவே குடும்பப் பெயர்.

இந்தப் பிள்ளைகள் தடுமாறுவதைப் பார்த்துக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 1901 ஆகஸ்டில் யோக்கோஹாமாவில் வந்திறங்கிய முதல் நால்வரில் ஆல்மா டெய்லருக்கு வயது 19, ஜப்பானியம் ஒரு சொல்லும் தெரியாது. பயிற்சி மையம் எதுவும் இல்லாத காலம். எட்டு வருடத்துக்கு மேல் தங்கி மார்மன் நூலையே ஜப்பானியத்தில் பெயர்த்தார், 1909-இல் அது அச்சானது. பிற்காலத்தில் மிஷனரியாக வந்த கென்ட் கில்பர்ட், 1980-களில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஜப்பானியத்திலேயே பேசிப் பிரபலமானார். மொழியை அன்றாடம் தெருவில் நின்று கற்பவர்கள் இவர்கள். எப்படிக் கற்றார்கள் என்று கேளுங்கள், அதைச் சொல்லும்போதுதான் இவர்கள் ஆசிரியர்களாகவே மாறுகிறார்கள்.

தோக்கியோவில் நிஷி-கசாய் பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், கணவர் அலுவலகம் போனபின் பேச ஆளில்லாமல் இருக்கும் பெண்களுக்கு இந்த மாதிரி வகுப்பில் இன்னொரு லாபமும் உண்டு. பக்கத்து நாற்காலியில் இருப்பவர்கள் அக்கம்பக்கத்து ஜப்பானியர்கள். ஆங்கிலத்தில் தொடங்கும் பழக்கம், குப்பை பிரிக்கும் விதி முதல் பிள்ளையின் பள்ளிப் படிவம் வரை உதவும்.

மிஷனரிகளுக்குக் கையில் ஏதாவது கொண்டுபோக நினைத்தால், காபி, கிரீன் டீ, பிளாக் டீ, மது எல்லாம் அவர்களுக்கு மத விதிப்படி விலக்கு. விருந்தினருக்கு முதலில் கிரீன் டீ நீட்டும் நாட்டில் இது அடிக்கடி தவறுகிறது. வாற்கோதுமையில் காய்ச்சிய முகிச்சா தாராளமாகக் கொடுக்கலாம், கோடைக்கு அதுவே நல்லது. சாக்லெட் வாங்கினால் உள்ளே விஸ்கி இருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். மாட்ச்சா என்ற கிரீன் டீப் பொடி கலந்த இனிப்பு விஷயத்தில் ஆளுக்கு ஆள் வழக்கம் வேறு, கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

புதிதாகப் போகிறவர் முதல் நாள் கிளம்புமுன் ஒரு முறை தொலைபேசியில் உறுதி செய்துகொள்ளுங்கள். நோட்டீஸ் பழையதாக இருக்கலாம், கட்டடம் மாறியிருக்கலாம். இடமாற்ற வாரம், சபை மாநாடு, பனி, புயல் எச்சரிக்கை என்றால் வகுப்பு ரத்தாகும். ஒரு நோட்டு, பேனா, திருத்த வேண்டிய ஐந்து வாக்கியங்கள் போதும். பாடப்புத்தகம் வாங்கத் தேவையில்லை.