கிவ்வெல்: உயிர்க் கணக்கில் கெட்டி, பள்ளிக் கணக்கில் பாதி

நான் தணிக்கைத் தொழிலில் இருப்பவன். ஒரு நிறுவனம் கணக்கைத் திறந்து காட்டுகிறதா, மூடி மறைக்கிறதா என்று பார்ப்பதுதான் பிழைப்பு. சம்பாத்தியத்தில் ஒரு பங்கை ஏழை நாடுகளுக்கென்று ஒதுக்குவதால், அதை எங்கே கொடுப்பது என்று பார்க்க கிவ்வெல் தளத்துக்குப் போவது வழக்கமாகிவிட்டது. முதலீட்டுத் துறையில் வேலை பார்த்த ஹோல்டன் கார்னோஃப்ஸ்கியும் எலி ஹாசன்ஃபெல்டும் 2007-ல் அமெரிக்காவில் தொடங்கியது இது. தொண்டு நிறுவனங்களை அலசி, அடுத்து கொடுக்கிற பணம் எங்கே போனால் அதிகப் பலன் என்று சொல்வார்கள். படிக்கக் கட்டணம் கிடையாது.

முதல் வரிசையில் அவர்கள் வைத்திருப்பது நான்கே திட்டங்கள்: கொசுவலை, மழைக்கால மலேரியா தடுப்பு மருந்து, வைட்டமின் ஏ, வடக்கு நைஜீரியாவில் பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு போகும் தாய்க்குச் சிறு தொகை. நான்கும் குழந்தை உயிரைக் காப்பவை. மலேரியா மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். சஹாராவுக்குத் தெற்கே உள்ள சாஹேல் நாடுகளில் மழை தொடங்கியதும் ஊழியர் வீடு வீடாகப் போவார். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முதல் நாள் மருந்தைத் தன் கண் முன்னால் கொடுத்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் மாத்திரையை அம்மா கையில் தந்துவிட்டு வருவார். மாதம் ஒரு சுற்று, மழைக்காலம் முடியும்வரை. இந்த மாதிரித் திட்டங்களில் ஓர் உயிரைக் காக்க 3,000 முதல் 5,500 டாலர் வரை ஆகும் என்று கிவ்வெல் மதிப்பிட்டிருக்கிறது. இடத்துக்கு இடம் இது மாறும்.

தளத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தத் தொகைக்குப் பின்னால் இருக்கிற அட்டவணைக் கோப்பு. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். நாம் கொடுக்காவிட்டாலும் அரசோ, எய்ட்ஸ், காசநோய், மலேரியாவை எதிர்க்கப் பல நாடுகள் சேர்ந்து பணம் போடும் குளோபல் ஃபண்டோ அந்தக் கொசுவலையை வாங்கியிருக்குமோ என்று கேட்டு, அதற்கும் கழித்திருக்கிறார்கள். இந்தக் கழிவைப் போடாமல் பெருமை பேசும் நன்கொடை விளம்பரங்களே அதிகம். ஒரு குழந்தையின் உயிருக்கும் ஒரு குடும்பத்தின் வருமானம் இரட்டிப்பாவதற்கும் எவ்வளவு மதிப்பு வைப்பது என்ற கேள்வியையும் அவர்கள் ஒளிக்கவில்லை. அதற்காக கென்யாவிலும் கானாவிலும் ஏழைக் குடும்பங்களிடமே கருத்துக் கேட்கப்பட்டது. உதவி பெறுகிறவர்களின் விருப்பத்தைக் கணக்குக்குள் கொண்டுவந்ததற்காகவே இவர்களை மதிக்கிறேன்.

தாங்கள் போட்ட கணக்கைத் திருத்தவும் தயங்குவதில்லை. ஏழைகளுக்கு நேரடியாகப் பணம் அனுப்பும் கிவ்டைரக்ட்லியை 2022-ல் முதல் வரிசையிலிருந்து எடுத்தார்கள். 2024-ல் மறுபடி ஆராய்ந்து, அந்தத் திட்டத்தின் பலன் முன்பு மதிப்பிட்டதைவிட 3 முதல் 4 மடங்கு என்று அவர்களே அறிவித்தார்கள். பணம் கிடைத்த வீட்டோடு பலன் நிற்காமல் அக்கம்பக்கத்துக்கும் பரவுகிறது என்ற ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

சரி, குறைக்கு வருகிறேன். கல்விக்குக் கொடுக்க நினைக்கிறவருக்கு இந்தத் தளம் போதவே போதாது. ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் பத்து வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய 70 சதவீதம் பேருக்கு ஓர் எளிய பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று உலக வங்கி 2022-ல் சொன்னது. தீர்வே தெரியாத பிரச்சினையும் அல்ல. எந்த வகுப்பு என்று பார்க்காமல், எழுத்து தெரிந்தவர், சொல் படிப்பவர், பத்தி படிப்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைத்துக் கற்பிக்கும், இந்தியாவின் பிரதம் என்ற தொண்டு அமைப்பின் முறை பல சோதனைகளில் தேறியிருக்கிறது. கற்பிக்கும் முறையை மாற்றாமல் கணினியை மட்டும் கொடுப்பது வீண் செலவு என்பதும் தெரிந்ததுதான். பெரு நாட்டில் மடிக்கணினி கொடுத்துப் பார்த்தார்கள், மதிப்பெண் உயரவில்லை. இவ்வளவு இருந்தும் முதல் வரிசையில் ஒரு கல்வித் திட்டம்கூட இல்லை. காக்கப்பட்ட உயிரை இந்த வருடமே எண்ணலாம். படித்த பிள்ளையின் வருமானம் தெரிய இருபது வருடம் ஆகும். அளக்கச் சிரமம் என்பதற்காகப் பட்டியலில் பின்னால் தள்ளுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

வளர்ச்சி என்று பார்த்தால் தளம் இன்னும் மெலிவு. தென் கொரியா ஒரு காலத்தில் உதவி வாங்கிய நாடு. 2010 முதல் உதவி கொடுக்கும் நாடுகளின் குழுவில் இருக்கிறது. அந்த உயர்வைக் கொசுவலைக் கணக்கால் விளக்க முடியாது. சாலை, மின்சாரம், ஏற்றுமதி, வரி நிர்வாகம் எல்லாம் அரசுகளும் உலக வங்கியும் செய்கிற வேலை. தனிநபர் நன்கொடைக்கான தளத்தில் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆனால், அரசு உதவிக்குக் கிவ்வெல் பட்டியலே போதும் என்று யாராவது வாதாடினால் நம்பாதீர்கள்.

அந்த அரசு உதவியும் சுருங்குகிறது. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யூஎஸ்எய்ட் 2025 ஜூலையில் மூடப்பட்டது. தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் கொடுப்பது 1970-ல் ஐ.நா. வைத்த இலக்கு, அதை எட்டியிருந்த பிரிட்டன், 2021-ல் 0.5 சதவீதத்துக்கு இறங்கி, 2027-க்குள் 0.3 என்று அறிவித்திருக்கிறது. அரசு எப்படியும் கொடுத்திருக்கும் என்று கழித்த எண்களெல்லாம் இதனால் பழசாகின்றன. ஆகவே கொடுப்பதற்கு முன் அறிக்கையின் தேதியைப் பார்த்துவிடுங்கள்.

குழந்தை உயிருக்கென்று கொடுக்கிறவர்கள் தயங்காமல் இந்தத் தளத்தை நம்பலாம். என் பங்கில் பெரும்பகுதி இதன் வழியாகத்தான் போகிறது. கல்விக்கான பகுதியைப் பிரதம் மாதிரி அமைப்புகளுக்கு நேராகக் கொடுக்கிறேன். கொசுவலைக்குப் போட்டது போலவே ஒரு முழு அட்டவணையை வாசிப்புத் திட்டங்களுக்கும் கிவ்வெல் போட்டு வெளியிட வேண்டும்.