குளியல் தொட்டி மிக்சர் குழாய்க்கு மாற்றிய ஷவர் ஹோஸ்: ஈராண்டுக்கும் மேற்பட்ட அனுபவம்

பினாங்கில் கடலோரத்தை ஒட்டிய அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறோம். குளியல் தொட்டியில் வெந்நீரையும் குளிர்நீரையும் கலந்து தரும் மிக்சர் குழாயின் பழைய ஹோஸ் கிழிந்த பிறகு நான் மாற்றிய ஹோஸ், ஈராண்டுக்கும் மேலாக நாள்தோறும் பயன்பட்டு வருகிறது.

ஹோஸின் வெளியே பளபளக்கும் உலோகச் சுருள் வெறும் கவசம்தான். நீரைத் தாங்குவது அதனுள்ளே இருக்கும் மெல்லிய குழாய். உள்குழாயில் கசியும் நீர் சுருளுக்குள்ளேயே ஓடி வேறோர் இடத்தில் வெளிவரும் என்பதால், சொட்டும் இடத்தை வைத்துக் கிழிசலைக் கண்டறிய முடியாது. எங்கள் ஹோஸ் நடுப்பகுதியில் சொட்டியது; கிழிந்திருந்ததோ கைஷவரின் நட்டை ஒட்டிய இடத்தில். வயதான அம்மா தொட்டிக்கு வெளியே முக்காலியில் அமர்ந்துதான் குளிப்பார். 1.5 மீட்டர் ஹோஸ் அவரிடம் எட்டுவதற்குள் விறைத்து, அந்த ஒரே இடத்தில் மடங்கிக்கொண்டிருந்தது.

அதனால் 2 மீட்டர் நீளத்தில், ஈபிடிஎம் எனும் செயற்கை ரப்பராலான உள்குழாயும் பித்தளை நட்டுகளும் கொண்ட ஒன்றை வாங்கினேன். வெந்நீர் செல்லும் ஹோஸுக்கு இந்த ரப்பர், மலிவான பிவிசி உள்குழாயைவிட நன்றாகத் தாங்குகிறது. கைஷவர் பக்கத்து நட்டு தனியே சுழல்வதால் ஹோஸ் முறுக்கிக்கொள்வதும் இல்லை.

அளவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலான ஹோஸ்களின் மரை அரை அங்குலம் எனப்படுகிறது. ஆனால் மிக்சர் குழாயின் மரையை அளந்தால் வெளிவிட்டம் ஏறத்தாழ 21 மில்லிமீட்டர் இருக்கும். அதை முக்கால் அங்குலம் என்று எண்ணி வாங்கினால் பொருந்தாது. பொருத்தும்போது பழைய வாஷர் குழாய்வாயில் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும், ஏனெனில் இரண்டு வாஷர்கள் சேர்ந்தால் கசிவு நிற்காது. சில மிக்சர்களில் அதே இடத்தில் நீர் பின்னோக்கிப் பாயாமல் தடுக்கும் சிறு வால்வு இருக்கும். குப்பை என்று எண்ணி அதைப் பிடுங்கிவிடக் கூடாது. நீரைத் தடுப்பது வாஷரே, மரையல்ல. ஆகையால் டெஃப்லான் டேப் சுற்றத் தேவையில்லை. கையால் இறுக்கி, துணி சுற்றிய ஸ்பேனரால் இன்னும் சற்றே திருப்பினால் போதும்.

இத்தனை காலத்தில் ஹோஸ் ஒருமுறைகூடக் கசியவில்லை. குறையென்றால், நீளம் கூடியதால் அது தொட்டியின் அடியில் சுருண்டு கிடக்கிறது. சுருள்களின் இடுக்கில் சோப்பு அழுக்கு படிகிறது. கடற்காற்றில் உப்பும் சேர்வதால், குளித்து முடித்ததும் நல்ல நீர் ஊற்றித் துடைத்துவிடுகிறோம். ஓரிரு பழுப்புப் புள்ளிகள் தோன்றியிருந்தாலும் கவசம் உறுதியாகவே இருக்கிறது. துடைக்க நேரமில்லாத வீடுகளுக்கு வழவழப்பான பிவிசி மேலுறை கொண்ட ஹோஸையே பரிந்துரைப்பேன்.

கைஷவரில் நிறுத்துபொத்தான் இருப்பவர்கள் அதை மட்டும் அழுத்திவிட்டு மிக்சரைத் திறந்தபடி விடக் கூடாது. அப்படி விட்டால் ஹோஸ் முழு அழுத்தத்தையும் ஓயாமல் தாங்க வேண்டியிருக்கும். வெந்நீரும் குளிர்நீரும் மிக்சருக்குள் ஒன்றின் குழாயில் மற்றொன்று புகவும் வழியுண்டு. எங்கள் வீட்டில் அனைவரும் மிக்சரை மூடிய பிறகே கைஷவரை மாட்டுகிறார்கள்.