மெத்தைக்கு வெயிலா, ஜிப் உறையா?

காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், கண் அரிப்பு. பரிசோதனையில் தூசிப் பூச்சி ஒவ்வாமை என்று வந்தால் முதலில் பார்க்க வேண்டியது படுக்கையைத்தான். கண்ணுக்கே தெரியாத இந்தப் பூச்சி கடிப்பதில்லை. நம் தோலில் இருந்து உதிரும் செதிலைத் தின்கிறது. தொல்லை முக்கியமாக அதன் கழிவில் உள்ள புரதத்தால்.

இலவம்பஞ்சு மெத்தை என்றால் மொட்டைமாடி வெயில் செலவில்லாத வழி. காற்றின் ஈரத்தை உறிஞ்சி வாழும் பூச்சி, நல்ல வெயிலில் வற்றிச் சாகும். ஆனால் புரதம் மெத்தையிலேயே தங்கிவிடும். தட்டினால் கொஞ்சம் போகும் (தும்முகிறவரிடமே அந்த வேலையைக் கொடுத்துவிடாதீர்கள்). அப்புறம், சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் வெயிலுக்கு எங்கே போவது? கனமான ஃபோம் மெத்தையை மாடிக்குத் தூக்குவதும் நடக்காத காரியம்.

உறை பூச்சியைக் கொல்லாது, கழிவோடு சேர்த்து உள்ளே அடைத்துவிடும். நெருக்கமாக நெய்த துணியில், ஆறு பக்கமும் மூடி ஜிப் போடுவதாக இருக்க வேண்டும்; மேலே மட்டும் விரிக்கும் வாட்டர்ப்ரூஃப் விரிப்பு இதற்கு உதவாது. மலிவான பிளாஸ்டிக் உறை முதுகை வேர்க்க வைக்கும். அதோடு, 2003-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், ஆஸ்துமா உள்ள பெரியவர்களுக்கு உறையால் மட்டும் பலன் தெரியவில்லை. விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பதும் சேர வேண்டும்.

கையில் காசு குறைவு என்றால் தலையணைக்கு மட்டுமாவது முதலில் உறை வாங்குங்கள். மூக்கு இரவெல்லாம் அதில்தானே கிடக்கிறது.