ஸ்பேனர் வைக்கும் முன் ரெயில் பிரஷர் பார்க்க ஒரு கை ஸ்கேனர்

காமன் ரெயில் டீசல் இஞ்சின் வேலைக்காக இந்தக் கை ஸ்கேனரை வாங்கினேன். இந்த இஞ்சின்களில் ரெயில் என்பது, டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்கள் எல்லாவற்றுக்கும் உயர் பிரஷரில் டீசலைத் தேக்கிக் கொடுக்கும் பொதுக் குழாய். வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் ஃபால்ட் கோட் படிப்பது, அழிப்பது எல்லாம் ஒழுங்காகச் செய்கிறது, அதில் குறை இல்லை. ஆனால் நான் வாங்கியது, பைப் நட்டைத் தளர்த்தும் முன் ரெயிலில் எவ்வளவு பிரஷர் மிச்சம் இருக்கிறது என்று கண்ணால் பார்க்கத்தான்.

லைவ் டேட்டாவில் ரெயில் பிரஷரை மட்டும் தேர்ந்தெடுத்தால் எண் திரை முழுக்கப் பெரிதாக வருகிறது. பானெட்டுக்குள் குனிந்தபடியே படிக்கலாம். ஐடிலில் 300 பார் பக்கம் நிற்கும், லோடில் 1600 பாரையும் தாண்டும். இஞ்சினை நிறுத்தியதும் டீசல் இன்ஜெக்டர் வழியாக, டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் குழாய்க்குக் கசிந்துதான் பிரஷர் இறங்குகிறது. கசிவு குறைவான புது இன்ஜெக்டர்களில் இது மெதுவாகவே நடக்கும். அதனால் சர்வீஸ் மேனுவல் சொல்லும் நேரம் முழுதும் காத்திருந்த பிறகே சாவியை மட்டும் ஆன் செய்து எண்ணைப் பார்க்கிறேன். அப்புறம் சாவியை எடுத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, நட்டைத் துணியால் சுற்றி மெல்லத் தளர்த்துகிறேன்.

ஒரு பெரிய குறை உண்டு. ஸ்கேனரை வண்டியோடு இணைக்கும் ஓபிடி பிளக் லேசாக ஆடினால் இணைப்பு அறுந்துவிடுகிறது. திரையோ எச்சரிக்காமல் கடைசி எண்ணையே காட்டிக்கொண்டிருக்கிறது. இந்த வேலையில் இது ஆபத்தானது. ரெயில் பிரஷரை அளக்கும் சென்சார் கெட்டிருந்தாலும் எண் பொய் சொல்லும். ஆகவே நிறுத்தும் முன்பே ஆக்சிலரேட்டரை மிதித்து எண் ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். சென்சார் வோல்டேஜையும் காட்டுவது நல்ல வசதி. பெரும்பாலான சென்சார்களில் பிரஷர் இல்லாதபோது 0.5 வோல்ட் அளவில் இருக்கும்.

இவ்வளவு கவனம் எதற்கு என்றால், அந்தப் பிரஷரில் பீச்சும் டீசல் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலி கூடப் பெரிதாக இருக்காது. உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க வேண்டி வரலாம். பட்டுவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் உள்ளே பாய்ந்துவிட்டது என்று தெளிவாகச் சொல்லுங்கள். கசிவைத் தேட அட்டையைப் பிடியுங்கள், விரலைக் கொண்டுபோகாதீர்கள்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். இணைப்பு அறுந்ததைச் சொல்லும் அப்டேட் வந்தால் மீதி ஒன்றையும் தருவேன்.